சிறைச்சாலைச் செவிலியருக்குத் தொடர்கல்வி



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது, சிறைச்சாலைகளில் பணிபுரியும் செவிலியருக்கு வேண்டிய தொடர்கல்வியைப் பற்றி. செவிலியர் கல்லூரியில் தேறிப் பட்டமோ பட்டயமோ பெற்றுவிட்டால் அவர்களுடைய படிப்பு முடிந்துவிட்டதென்று பலரும் எண்ணுகிறோம். மருத்துவ அறிவு ஆண்டுதோறும் மாறிவரும் அறிவாதலின், பணியில் இருந்துகொண்டே அதைப் புதுப்பித்துக்கொள்ளும் முறைக்குத் தொடர்கல்வி என்று பெயர். பெரிய மருத்துவமனையில் பணிபுரியும் செவிலியர் மூத்தவர்களைக் கண்டும் சக பணியாளரைக் கேட்டும் ஒருவாறு கற்றுக்கொள்வர். மதிற்சுவருக்குள்ளே தனியொருவராகப் பணிபுரியும் செவிலியருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே அவருக்குத்தான் இந்தக் கல்வி மிகுதியும் தேவை.

இப்பொருளை விளக்குவதற்குக் கேரளத்தின் தென்கோடியில் உள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியை எடுத்துக்கொள்வோம். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையில், களியக்காவிளையைத் தாண்டியதும் கேரள எல்லை தொடங்குகிறது. முதலில் வருவது பாறசாலை. அதற்கு அப்பால் நெய்யாற்றின்கரை. அங்கிருந்து திருவனந்தபுரம் சுமார் 20 கிலோமீட்டர். 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகாவையும் இணைக்க வேண்டுமென்று தமிழர் கேட்டிருந்தும், அது கேரளத்திலேயே நின்றுவிட்டது. கோடு நடுவில் விழுந்தாலும் சந்தையும் சம்பந்தமும் கோடு பார்ப்பதில்லை. இன்றும் இந்த ஊர்களில் ஒரே குடும்பத்தார் காலையில் தமிழும் மாலையில் மலையாளமும் பேசுவதைக் காணலாம்.

இந்தப் பகுதியை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. ஒரு சிறு வட்டத்துக்குள் வெவ்வேறு வகையான சிறைகளை இங்கே காண்கிறோம். நெய்யாற்றின்கரையில் விசாரணைக் கைதிகளை வைக்கும் துணைச் சிறை இருக்கிறது. கேரளத்தின் முதலாவது பெண்கள் சிறை 1990-இல் இதே ஊரில்தான் தொடங்கப்பட்டது; பின்னர் அது திருவனந்தபுரம் அட்டக்குளங்கரைக்கு மாற்றப்பட்டது. கிழக்கே மலையடிவாரத்தில், நெய்யாற்று அணைக்கு அருகே நெட்டுக்கால்தேரி என்னுமிடத்தில், 1962-இல் திறந்தவெளிச் சிறை அமைக்கப்பட்டது. அங்கே மதில் இல்லை. கைதிகள் ரப்பர்த் தோட்டத்திலும் வயலிலும் வேலை செய்கின்றனர். வடக்கே பூஜப்புரையில் மத்திய சிறை. தெற்கே, தமிழ்நாட்டு எல்லைக்குள், நாகர்கோவிலில் மாவட்டச் சிறை.

இந்தப் பகுதி மக்களுக்குச் சிறை என்பது புதிதுமன்று. 1954 ஆகஸ்டு 11-ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு நிகழ்ந்த அந்தப் போராட்டக் காலத்தில், மொழி காரணமாகச் சிறைக்குள் சென்றவர்கள் எல்லையோர வீடுகள் பலவற்றில் இருந்தார்கள். சிறைக்குள் இருப்பவரெல்லாம் நமக்கு அந்நியர் அல்லர் என்பதை இவ்வூரார் அனுபவத்தால் அறிந்தவர்கள்.

இனி, செவிலியர் தொழிலுக்கும் சிறைச்சாலைக்கும் உள்ள பழைய உறவைச் சற்று நோக்குவோம். எலிசபெத் பிரை என்ற ஆங்கிலப் பெருமாட்டி 1813-இல் லண்டனிலுள்ள நியூகேட் சிறைக்குள் சென்று, அங்கே பெண்களும் குழந்தைகளும் அடைபட்டுக் கிடந்த நிலையைக் கண்டு மனம் பதைத்தார். சிறைச் சீர்திருத்தத்துக்கு அவர் பாடுபட்டது பலரும் அறிந்த செய்தி. ஜெர்மனியில் தியோடர் பிளீட்னர் என்ற பாதிரியார் பிரையின் பணியால் ஊக்கம் பெற்று, 1826-இல் சிறைக் கைதிகளின் நலனுக்கென ஒரு சங்கம் அமைத்தார். பத்தாண்டுகள் கழித்து, 1836-இல், கைசர்ஸ்வெர்த் என்ற ஊரில் செவிலியருக்குப் பயிற்சி அளிக்கும் இல்லத்தை அவரே நிறுவினார். அந்த இல்லத்தை நேரில் பார்த்த பிரை, 1840-இல் லண்டனில் செவிலியர் பயிற்சி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 1851-இல் அதே கைசர்ஸ்வெர்த்துக்குச் சென்று பயின்றவர்தான் பிளாரன்ஸ் நைட்டிங்கேல். அவர் 1860-இல் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் தொடங்கிய பள்ளியிலிருந்துதான் இக்காலச் செவிலியர் கல்வி கிளைத்தது. இவ்வாறு நோக்கினால், கைதியின் துயர் கண்ட நெஞ்சமும் செவிலியருக்குக் கல்வி வேண்டுமென்று எண்ணிய நெஞ்சமும் ஒன்றாகவே இருந்தன என்பது விளங்கும். பின்னர் இரண்டும் தனித்தனி இலாக்காக்கள் ஆகிவிட்டன.

அவை எவ்வளவு தொலைவு விலகின என்பதைச் சட்டத்தின் சொற்களே காட்டும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நம்மைப் போன்றவர்கள் சட்டத்தில் ஒரு சொல் இருப்பதை மட்டுமின்றி, இல்லாமையையும் கவனிக்கக் கடமைப்பட்டவர்கள். 1894-ஆம் ஆண்டின் சிறைச் சட்டம் மருத்துவ அலுவலரைக் குறிப்பிடுகிறது. அவருக்கு அடுத்தபடியாக 'மெடிக்கல் சபார்டினேட்' என்ற ஒருவரைக் குறிப்பிடுகிறது. 'மருத்துவ அலுவலருக்குக் கீழ்ப்பட்டவர்' என்று இதைத் தமிழாக்கலாம். அவர் யார் என்பதற்குச் சட்டமே இலக்கணம் கூறுகிறது: உதவி அறுவை மருத்துவர், மருந்து கூட்டுபவர், தகுதி பெற்ற மருத்துவமனை உதவியாளர் என்ற மூவர். இந்த மூவருள் செவிலியர் இல்லை. கேரளம் 2010-இல் தனக்கெனத் தனிச் சட்டம் இயற்றிக்கொண்டது உண்மையே. எனினும் நாட்டின் சிறை விதிகள் பெரும்பாலும் அந்தப் பழைய அச்சில் வார்க்கப்பட்டவை.

2017-ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டத்திலும் இதே குறையைக் காணலாம். அது முற்போக்கான சட்டம் என்பதில் ஐயமில்லை. சிறைகளில் உள்ள மருத்துவ அலுவலர் அனைவருக்கும் அடிப்படை மனநல சிகிச்சையிலும் அவசர மனநல சிகிச்சையிலும் பயிற்சி அளிப்பது அரசின் கடமை என்று அதன் 31-ஆம் பிரிவு விதிக்கிறது. மிகவும் நன்று. ஆனால் மருத்துவ அலுவலர் பகலில் வருகிறார். துணைச் சிறை போன்ற சிறு நிலையங்களில் பெரும்பாலும் அரசு மருத்துவமனையிலிருந்து குறித்த நாளில் வந்துவிட்டுப் போகிறார். கைதி நோய்வாய்ப்படுவதோ குறித்த நாளில் அன்று. அப்பொழுது கொட்டடிக் கதவருகே வந்து நிற்பவர் செவிலியராகவோ மருந்தாளுநராகவோ இருப்பார். பயிற்சி அளிக்க வேண்டுமென்ற விதியோ அவர்களைக் கூறாமல் விட்டுவிட்டது.

அப்படியென்ன தனிக் கல்வி சிறையில் வேண்டியிருக்கிறது, மருத்துவமனையில் படித்தது போதாதா என்று நேயர்கள் கேட்கலாம். சில எடுத்துக்காட்டுகளால் விளக்குவோம்.

முதலாவது, சிறையின் முதல் மூன்று இரவுகள். நெடுநாள் குடிப்பழக்கம் உள்ள ஒருவர் மாலையில் கைதாகிறார் என்று வைத்துக்கொள்வோம். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன்னிலையில் நிறுத்த வேண்டுமென்பது அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு கூறும் விதி. மறுநாள் நீதிபதி அவரைச் சிறையில் வைக்க உத்தரவிடுகிறார். மாலையில் அவர் துணைச் சிறைக்கு வந்து சேருகிறார். இதற்குள் அவர் குடித்து ஏறத்தாழ ஒரு நாள் கழிந்துவிட்டது. குடியை முற்றும் நிறுத்திய ஆறு மணி நேரத்திலிருந்து கைநடுக்கமும் வியர்வையும் தோன்றலாம். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள், இல்லாத உருவங்களைக் கண்டு அலறும் சித்தப்பிரமை தோன்றி உயிருக்கே ஆபத்தாகலாம். கணக்கிட்டுப் பார்த்தால் அபாயமான வேளையின் பெரும்பகுதி சிறைக்குள்ளேயே, கொட்டடி பூட்டியிருக்கும் இரவுகளையும் சேர்த்து, வந்து விழுகிறது. இதை அறியாத காவலர் "புதுக்கைதி கலாட்டா செய்கிறான்" என்று எண்ணுவார். இதைக் கற்ற செவிலியரோ, கைதி உள்ளே வந்தவுடன் "கடைசியாக எப்பொழுது குடித்தீர்கள்?" என்று கேட்டு அந்த மணியை எழுதி வைப்பார், வைட்டமின் பி-1 ஊசி மருந்து இல்லாமல் குளுக்கோஸ் ஏற்றுவது இத்தகைய நோயாளிக்குத் தீங்காகலாம் என்பதை நினைவில் வைத்திருப்பார், நடுக்கம் மிகும்போது மருத்துவமனைக்கு அனுப்பக் காலம் தாழ்த்தமாட்டார்.

தற்கொலை எண்ணமும் இதே முதல் நாட்களில்தான் மிகுதியாக எழுகிறது. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சிறைகளில் 1,995 கைதிகள் இறந்தனர் என்று தேசியக் குற்றப் பதிவேடு நிலையம் கணக்கிட்டுள்ளது. அவர்களுள் 119 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். பெங்களூர் மத்திய சிறையில் 5,000-க்கு மேற்பட்ட கைதிகளை ஆராய்ந்து நிம்ஹான்ஸ் நிறுவனம் 2011-இல் அறிக்கை வெளியிட்டது. போதைப் பழக்கம் அல்லது மனநோய் உள்ளவர் ஏறத்தாழ ஐந்தில் நால்வர். போதைப் பழக்கத்தை நீக்கிப் பார்த்தாலும் மனநோய் உள்ளவர் நான்கில் ஒருவருக்கு மேல் என்று அது கண்டது. சிறைச் செவிலியருக்கு மனநலப் பாடம் எவ்வளவு அவசியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது எடுத்துக்காட்டு காசநோய். இருமுகிறவரும் இருமாதவரும் ஒரே கொட்டடியில் இரவு முழுவதும் ஒரே காற்றை மூச்சு வாங்குகின்றனர். 2022-ஆம் ஆண்டின் இறுதியில் நம் நாட்டுச் சிறைகளில் நூறு பேர் இருக்க வேண்டிய இடத்தில் 131 பேர் இருந்தனர். இருபது ஆண்டுகளுக்கு முன் பயின்ற செவிலியர், காசநோய்க்கு வாரத்தில் மூன்று நாள் மருந்து கொடுக்கக் கற்றவர். 2017 முதல் நாள்தோறும் மருந்து என்ற முறை நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்துவிட்டது. அவர் படித்தபோது சளியை நுண்ணோக்கியில் பார்ப்பதே வழக்கம். இன்றோ சில மணி நேரத்தில் நோய்க்கிருமியையும், அது மருந்துக்கு அடங்குமா என்பதையும் காட்டும் கருவிகள் வந்திருக்கின்றன. மேலும், ஆறு மாத மருந்தில் இரண்டாவது மாதத்திலேயே கைதிக்கு ஜாமீன் கிடைத்து அவர் பாறசாலையில் உள்ள தம் வீட்டுக்கோ, எல்லை தாண்டிக் குழித்துறைக்கோ போய்விடலாம். விடுதலைச் சீட்டோடு மருந்துச் சீட்டையும் கொடுத்து, எந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து தொடரும் என்று எழுதியனுப்புவதும் செவிலியர் கற்க வேண்டிய வேலை. அது தவறினால் நோய் மதிலைத் தாண்டி ஊருக்குள் வரும்.

மூன்றாவது எடுத்துக்காட்டு நெட்டுக்கால்தேரி போன்ற திறந்தவெளிச் சிறைக்கு உரியது. ரப்பர்த் தோட்டத்தில் அதிகாலையில் பால் வெட்டுகிறவர்களுக்குப் பாம்புக்கடி எப்போதும் உள்ள அபாயம். நம் நாட்டில் கிடைக்கும் நச்சுமுறி மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கின் நஞ்சுக்கே தயாரிக்கப்பட்டது. கேரளத் தோட்டங்களில் மிகுதியாக உள்ள, மலையாளத்தில் முழமூக்கன் என்று வழங்கும் சிறு குழிவிரியனின் நஞ்சை அம்மருந்து முறிப்பதில்லை. அதன் கடி சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடும் என்பதும், பல இடங்களில் அதைச் சுருட்டை விரியன் என்று தவறாகக் கருதி மருந்து ஏற்றினர் என்பதும் இந்த நூற்றாண்டில்தான் மருத்துவ உலகில் தெளிவாகப் பேசப்பட்டன. கடித்த இடத்துக்கு மேலே இறுகக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, காலை அசையாமல் வைத்து விரைவில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்பது இன்றைய பாடம். இறுகக் கட்டு என்பது ஒரு காலத்துப் பாடம். பழைய பாடத்தை மறப்பதும் தொடர்கல்வியில் ஒரு பகுதியாகும்.

நான்காவது எடுத்துக்காட்டு மொழி. வெளிமாநிலங்களில் வாழும் நேயர்கள் இதைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டுகிறோம். தமிழும் மலையாளமும் உடன்பிறந்தவை. ஆயினும் நோயைச் சொல்லும் சொற்களில் அந்த உறவே நம்மை ஏமாற்றிவிடும். மலையாளி "பனி" என்றால் காய்ச்சல். நமக்குப் பனி என்பது மார்கழி மாதத்துக்கு உரியது. நாம் "மயக்கமாக இருக்கிறது" என்றால் தலைசுற்றி விழும் நிலையைக் குறிக்கிறோம். மலையாளத்தில் மயக்கம் என்பது தூக்கக் கலக்கம். ஆகவே தமிழ்க் கைதி மயக்கம் என்று கூறும்போது, "தூங்கட்டும்" என்று விட்டுவிட நேரலாம். நமக்கு "வலி" என்பது நோவு, "வலிப்பு" என்பது கைகால் வெட்டி இழுத்தல். மலையாளத்தில் நோவுக்கு "வேதனை" என்பர். "வலிவு" என்றாலோ மூச்சிரைப்பு. நோவும், வலிப்பும், இரைப்பும் ஒன்றோடொன்று மாறினால் மருந்தும் மாறிவிடும் அன்றோ?

பாறசாலையில் பிறந்து வளர்ந்த செவிலியருக்கு இது இடர்ப்பாடே அன்று. எந்த வாயிலிருந்து வரும் சொல் எந்தப் பொருளில் வருகிறது என்பதை அவர் பிள்ளைப் பருவத்திலேயே அறிந்திருப்பார். ஆனால் அவர் வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிறார். வடகேரளத்துச் செவிலியர் இங்கே வருகிறார். இதே நிலையைச் சற்று விரித்துப் பாருங்கள். குஜராத்திலோ, பஞ்சாபிலோ, மகாராஷ்டிரத்திலோ உள்ள ஒரு சிறையில், லாரி ஓட்டச் சென்றோ கூலி வேலைக்குச் சென்றோ ஏதோ வழக்கில் அகப்பட்ட தமிழர் ஒருவர் நள்ளிரவில் மார்பைப் பிடித்துக்கொள்கிறார். அவர் பேசுவது ஒருவருக்கும் விளங்குவதில்லை. தமிழ்நாட்டுச் சிறைகளில் உள்ள வங்காளிக்கும் ஒடியாக்காரருக்கும் இதே கதிதான். ஆகவே, எங்கே வலி, எத்தனை நேரமாக, மூச்சு முட்டுகிறதா, முன்பே மருந்து உண்டா, கடைசியாக எப்போது உண்டீர் என்ற சில கேள்விகளைப் பல மொழிகளிலும் எழுதிய அட்டையொன்று ஒவ்வொரு சிறை மருத்துவமனையிலும் இருக்க வேண்டும். அதைப் பயன்படுத்தும் பழக்கமும் செவிலியருக்கு வர வேண்டும். செலவு அதிகமில்லை, அச்சுக்கூலிதான்.

ஐந்தாவதாக உள்ளது எல்லாவற்றிலும் கடினமான பாடம்: செவிலியர் யார் பக்கம் நிற்பவர் என்பது. மருத்துவமனையில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. சிறையில் நாள்தோறும் எழுகிறது. கைதி நடிக்கிறார் என்று காவலர் கூறுவார். சில வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நாடியும் சுரமும் இரத்த அழுத்தமும் பாராமல் அந்த முடிவுக்கு வர எந்தச் செவிலியருக்கும் உரிமை இல்லை. உள்ளே வரும் கைதியின் உடலில் காயம் இருந்தால் அதன் அளவையும் இடத்தையும் கண்டவாறே எழுத வேண்டும். "கீழே விழுந்ததாகக் கூறுகிறார்கள்" என்று பிறர் சொல்வதைத் தம் கருத்தாக எழுதலாகாது. கைதிகள் சிறைக்குள் வரும்போதே உடல்நிலையைச் சோதித்துப் பதிவதற்குத் தேசிய மனித உரிமை ஆணையம் 1999-இலேயே ஒரு படிவத்தை வகுத்து மாநிலங்களுக்கு அனுப்பியது. ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்தால் அதைப் பிறருக்கு வெளியிடலாகாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது. மேலதிகாரி கேட்டார் என்பதற்காகப் பட்டியலை நீட்டுவது முறையன்று. இவற்றையெல்லாம் தனியொருவராக நின்று கூறுவதற்குத் துணிவு வேண்டும். "விதி இவ்வாறு கூறுகிறது" என்று எடுத்துக்காட்டக் கற்றவருக்கு அந்தத் துணிவு எளிதில் வரும்.

உலக அளவில் இந்த நெறிகள் வகுக்கப்பட்டுள்ளன. ஐக்கிய நாடுகள் சபை 2015 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகள், வெளியே உள்ள மக்களுக்குக் கிடைக்கும் அதே தரத்தில் கைதிக்கும் மருத்துவம் கிடைக்க வேண்டும் என்கின்றன. மருத்துவ முடிவுகளை மருத்துவத் துறையினரே எடுக்க வேண்டும், சிறை அலுவலர் அவற்றை மாற்றலாகாது என்கின்றன. 2010-இல் ஏற்கப்பட்ட பாங்காக் விதிகள் பெண் கைதிகளுக்கு உரியவை. பெண் கைதி ஒருவர் பெண் மருத்துவரோ பெண் செவிலியரோ தம்மைப் பார்க்க வேண்டுமென்று கேட்டால் இயன்றவரை அவ்வாறே செய்ய வேண்டும் என்று அவை கூறுகின்றன. 1894-இல் நம் சட்டம் கூறாமல் விட்ட செவிலியர் என்ற சொல் இங்கே இடம்பெற்றிருப்பதைக் காண்க. தாயோடு சிறையில் இருக்கும் குழந்தைகள் ஆறு வயது வரை உடனிருக்கலாம் என்று நம் உச்ச நீதிமன்றம் 2006-இல் வகுத்த நெறிகளையும் இங்கே நினைவுகூரலாம். பெண்கள் சிறையின் செவிலியர், கருவுற்ற தாய்க்கும் கைக்குழந்தைக்கும் சேர்த்தே பொறுப்பேற்கிறார்.

இனி, இந்தக் கல்வியை எவ்வாறு அளிப்பது? புதிதாகக் கல்லூரி கட்ட வேண்டியதில்லை. இந்தியச் செவிலியர் மன்றம், பதிவைப் புதுப்பித்துக்கொள்வதற்கு ஐந்தாண்டில் 150 மணி நேரத் தொடர்கல்வி வேண்டுமென்று வகுத்தது. ஆண்டுக்கு 30 மணி நேரம் என்பது அதன் பொருள். அம்மன்றத்துக்கு அடிப்படையான 1947-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2023-இல் தேசியச் செவிலியர் மற்றும் மகப்பேற்றுச் செவிலியர் ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. மணிக்கணக்கு முன்பே உண்டு. அந்த மணிகளில் எந்தப் பாடம் என்பதே நம் கேள்வி. சிறையில் பணிபுரிபவருக்கு அதில் மூன்றில் ஒரு பங்காவது, அதாவது 50 மணி நேரம், மேலே கூறிய பாடங்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்பது நம் கருத்து.

ஆசிரியர்களுக்கும் பஞ்சமில்லை. தென்மாநிலச் சிறை அலுவலர்களுக்குப் பயிற்சி அளிக்கும் கழகம் வேலூரில் 1979 முதல் நடந்துவருகிறது. அதே வேலூரில்தான் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். அது 1946-இல் பட்டப் படிப்பு அளிக்கும் கல்லூரியாக உயர்ந்தது. சிறை அலுவலர் கல்வியும் செவிலியர் கல்வியும் ஒரே ஊரில் தழைத்திருப்பது நமக்கு ஒரு வாய்ப்பு. இரண்டு மரபினரும் ஒரே வகுப்பில் அமர வேண்டும். சிறைக் கண்காணிப்பாளர் செவிலியரின் கடமையை அறிய வேண்டும். செவிலியர் சிறையின் பாதுகாப்பு முறையை அறிய வேண்டும். ஒருவர் வேலை மற்றவருக்குப் புரியாமையால் எழும் பூசல்களில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

நம் எல்லைப் பகுதியிலும் இதற்கு வசதி உண்டு. நெய்யாற்றின்கரையில் அரசுப் பொது மருத்துவமனை இருக்கிறது. காரக்கோணத்தில், நெய்யூரில் நெடுங்காலம் தொண்டாற்றிய மருத்துவர் சாமர்வெல்லின் பெயரைத் தாங்கிய மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நெய்யூரில் மேல்நாட்டு மருத்துவப் பணி 1838-இலேயே தொடங்கியது. அன்று அது திருவிதாங்கூரின் ஓர் ஊர், எல்லையே இல்லை. நாகர்கோவில் சிறையின் செவிலியரும் நெய்யாற்றின்கரைச் சிறையின் செவிலியரும் இரு மாதங்களுக்கு ஒருமுறை ஒரு நாள் கூடி, இரு மொழியிலும் நடக்கும் வகுப்பில் அமர்ந்தால், அந்த இரு மொழி வகுப்பே நாட்டுக்கு ஒரு முன்மாதிரி ஆகும். சிறையில் உள்ள ஒரே செவிலியர் வகுப்புக்குப் போனால் அன்று நோயாளியை யார் பார்ப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வியே. அன்றைக்கு அரசு மருத்துவமனையிலிருந்து மாற்றுச் செவிலியர் ஒருவரை அனுப்புவதென்று ஆணையிலேயே எழுதிவிட வேண்டும். மாற்றாள் இல்லாத கல்வித் திட்டம் காகிதத்திலேயே நின்றுவிடும். ஆணை மட்டும் போதாது. பயின்ற சான்றிதழுக்குப் பதவி உயர்வில் மதிப்புத் தர வேண்டும். சிறைப்பணி தண்டனை மாற்றல் என்ற எண்ணமும் நீங்க வேண்டும்.

இறுதியாக, பலர் வாயில் வரும் ஆட்சேபத்துக்கு விடை கூறுவோம். "வெளியில் உள்ள நல்லவர்களுக்கே மருத்துவம் போதவில்லை, குற்றவாளிக்கு இத்தனை ஏற்பாடு வேண்டுமா?" என்பர். 2022-ஆம் ஆண்டின் இறுதியில் நம் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூவர் மீது குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. குற்றம் நிரூபிக்கப்பட்டவருக்கும் நீதிமன்றம் விதித்தது சிறைவாசமே. காசநோயையோ வலிப்பையோ எந்த நீதிபதியும் தண்டனையாக விதித்ததில்லை. வெளியே உள்ளவர் ஒரு மருத்துவமனை பிடிக்காவிட்டால் வேறொன்றுக்குப் போகலாம். பூட்டின் உட்புறத்தில் இருப்பவருக்கு வேறு வழியில்லை. பூட்டியவர் அரசு என்றால், அந்த உயிருக்குப் பொறுப்பும் அரசே. அந்தப் பொறுப்பை இரவு வேளையில் தாங்கி நிற்பவர் செவிலியர்.

வெளிமாநிலத் தமிழ்ச் சங்கங்கள் இதில் ஒரு சிறு தொண்டு புரியலாம். நீங்கள் வாழும் நகரத்துச் சிறையில் தமிழ் மட்டுமே அறிந்த கைதி இருந்தால் அவருக்கு மொழிபெயர்க்க முன்வருவதாகச் சிறை மருத்துவருக்கு எழுதித் தெரிவியுங்கள். நோய்க் கேள்வி அட்டையைத் தமிழிலும் அவ்வூர் மொழியிலும் எழுதிக் கொடுங்கள். உங்கள் பெண்மக்களும் ஆண்மக்களும் செவிலியர் படிப்புப் படிப்பவராயின், சிறைப் பணியை இழிவென்று கருத வேண்டாமென்று சொல்லுங்கள். அந்தப் பணிக்கு உரிய கல்வியை அவர்கள் கேட்டுப் பெறட்டும். அதை அளிக்குமாறு அரசுகளை நாம் கேட்போம்.